புங்க மரத்தடி ஜமா

பட்டுக்கும் கைக்குழந்தைக்கும் ஒத்து வராது. சேவூரில் இதை யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. எழுதினால்தான் தெரியுமா என்ன? தறி இருக்கிற கூடத்தில் பிள்ளை மூத்திரம் பெய்து ஒரு சொட்டு தறியில் நீட்டிய பாவு நூலில் தெறித்தால் அந்த இடத்தில் சாயம் போய்விடும். விளக்கெண்ணெய் தடவிய கையோடு பிள்ளை பெற்றவள் பட்டைத் தொட்டால் கறை ஏறும். அதைக் காட்டி முதலாளி புடவையைத் தள்ளிவிடுவார். அதனால் பிள்ளைக்குக் காது குத்துகிற வரைக்கும் பெற்றவள் பட்டுப் பக்கம் வரக் கூடாது என்பது அந்தத் தெருவின் கட்டுப்பாடு. மிஞ்சியது அடுப்படி. புகையிலும் வேக்காட்டிலும் அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பாள்?

தெருக் கோடியில் நாலைந்து புங்க மரங்கள் இருந்தன. விடியற்காலையில் ஆண்கள் அங்கேதான் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் அந்த நிழல் யாருக்கும் வேண்டாததுதான். கைக்குழந்தைக்காரிகள் ஒவ்வொருத்தியாக அங்கே வந்து கிளையில் பழைய புடவையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு உட்கார ஆரம்பித்தார்கள். கூத்துக்காரர்கள் ஜமா கட்டுவதைப் போல இவளுகளும் ஜமா கட்டிவிட்டாளுகள் என்று ஆண்கள் கேலி பேசினார்கள். பெண்கள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்குக் காது குத்தினால் ஒருத்தி ஜமாவை விட்டுப் போவாள். புதிதாகப் பெற்றவள் ஒருத்தி வருவாள்.

கெங்கம்மாள் அங்கே போய்ச் சேர்ந்தது எழுபத்தைந்தாம் வருஷம், கார்த்திகை தீபம் முடிந்த சமயம். தேவிகாபுரத்துப் பெண். தாய் இல்லை, அப்பன் கட்டிக்கொண்ட இன்னொருத்தி இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள். தாயே இல்லாதவளுக்கு ஏது தாய் வீடு? பிரசவம் ஆரணி ஆஸ்பத்திரியில் நல்லபடியாக ஆனது. பெண் குழந்தை. படவேட்டு அம்மன் நினைப்பாக ரேணுகா என்று பேர் வைத்தார்கள். அப்பன் ஒருநாள் பஸ் ஏறி வந்து, பூண்டும் கருப்பட்டியும் வைத்துவிட்டு, பேத்தியை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். புருஷன் சிவப்பிரகாசம் நல்லவன்தான். ஆனால் தறிக்குழியில் காலை வைத்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாத பிழைப்பு. மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கு இது இப்படி என்று சொல்ல ஒரு பெண்பிள்ளை கிடையாது.

பால் சரியாக இறங்கவில்லை. குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. கத்தலைக் கேட்கக் கேட்க அவளுக்குள்ளே ஏதோ ஒன்று மரத்துப் போயிற்று. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளை முகத்தைப் பார்த்தால் ஒரு ஆசையும் வரவில்லை. ஒருநாள் காலையில் பிள்ளையை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் போய் நின்றவள் நின்றபடியே நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்க வந்த பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டாள்.

பூங்காவனம் ஜமாவுக்குத் தலைவி மாதிரி. யாரும் ஓட்டுப் போட்டு வைக்கவில்லை. அவள் குரலுக்கும் உடம்புக்கும் முன்னால் இன்னொருத்தி தலைவியாக முடியாது, அவ்வளவுதான். நாலு பெற்றவள், நாலும் உயிரோடு இருந்தன. கடைசிப் பிள்ளைக்குக் காது குத்தியும் ஜமாவை விடவில்லை. கிணற்றடியில் அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கெங்கம்மாள் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் கெங்கம்மாள் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள், யாரும் கேட்காமலே, தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டாள்.

"எனக்கு இத்தத் தூக்கிக் கெணத்துல போட்டுடலாம்னு தோணுதுக்கா."

காறித் துப்புவார்கள் என்றுதான் நினைத்தாள். பூங்காவனம் வெற்றிலையை மென்றுகொண்டே, தனக்கு மூத்தவன் பிறந்தபோது அவனை அரிசிப் பானையில் போட்டு மூடிவிடலாம் போல இருந்தது என்று சொன்னாள். இன்னொருத்தி, தான் பிள்ளையைத் தூளியில் விட்டுவிட்டுப் பெரணமல்லூர் பஸ் வரைக்கும் போய்த் திரும்பிய கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் சின்னம்மாள் ஒருத்திதான். அவளுக்கும் தலைப்பிள்ளை, ஆண், ரேணுகா பிறந்த அதே மாதத்தில் பிறந்தவன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எனக்கும்தான்க்கா, எனக்கும்தான் என்று தேம்பினாள். தான் ஒருத்திதான் பேய்ப் பிறவி என்று நினைத்துக்கொண்டிருந்த கெங்கம்மாளுக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் அவளும் சின்னம்மாளும் நகமும் சதையும் ஆகிவிட்டார்கள். சின்னம்மாள் மகனுக்குக் காத்தவராயன் என்று குலதெய்வத்தின் பெயர், கூப்பிடுவது ராயன். கெங்கம்மாளுக்குப் பால் குறைந்தால் சின்னம்மாள் ரேணுகாவை எடுத்து மாரில் போட்டுக்கொள்வாள். சின்னம்மாளுக்குக் காய்ச்சல் கண்டால் ராயன் இவளிடம் குடிப்பான். ஜமாவில் அது வழக்கம். யார் பிள்ளை யாரிடம் குடிக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பூண்டு உரித்துக் கொடுப்பதும், பால் ஊறுவதற்குப் பால்சுறா மீன் கிடைத்தால் பங்கு போடுவதும், ஒருத்தி தூங்க இன்னொருத்தி தூளி ஆட்டுவதும் அங்கே சாதாரணம். சொல்லத்தான் வேண்டும், அந்த மரத்தடி இல்லாவிட்டால் அந்தத் தெருக் கிணறுகளில் எத்தனை பிணம் மிதந்திருக்குமோ.

அந்த நல்லதுக்குள்ளேதான் கெட்டதும் இருந்தது. ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் ஜமாவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வாதாடி, கடைசியில் எல்லோருமாக ஒன்றை முடிவு பண்ணுவார்கள். முடிவு பண்ணினால் பண்ணினதுதான். பெற்றவள் மனசு இளகிப்போய் மாற்றிவிடக் கூடாது என்று, மூத்தவள் ஒருத்தி அந்த வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். துணை உட்காருவது என்று அதற்குப் பேர். பாசத்தில் செய்ததுதான், ஒருத்தி மனசிலும் சூது கிடையாது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று பழமொழி சொல்கிறோம். அந்த அரை வைத்தியன் பாசக்காரனாகவும் இருந்தால் அவனை யார் தடுப்பது?

அடுத்த கோடையில், அக்கினி நட்சத்திர வெயிலில், ரேணுகாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அப்போது அது கையை ஊன்றித் தவழப் பார்க்கும். அப்பன் தறியில் நாடா தள்ளுகிற சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிச் சிரிக்கும். பச்சைப் பச்சையாகப் போயிற்று. கெங்கம்மாள் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குத்தான் ஓடினாள். வேறு எங்கே ஓடுவாள்? பல் முளைக்கிற பேதி என்றாள் ஒருத்தி, தாய் உடம்புச் சூடு பாலில் இறங்கிவிட்டது என்றாள் இன்னொருத்தி. பேதி எதுவானாலும் வைத்தியம் அப்போது எல்லோருக்கும் ஒன்றுதான் தெரியும். பால் நிறுத்து, தண்ணீர் நிறுத்து, வயிறு காய்ந்தால் பேதி தானாக நிற்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகத்தானே செய்யும் என்று பூங்காவனம் கேட்டாள். நாக்கை நனைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. துணைக்குப் பூங்காவனமே போனாள்.

சிவப்பிரகாசம் அன்றைக்குப் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தான். பாதியில் விட்டால் இழையெல்லாம் குழம்பிவிடுகிற வேலை. இருந்தும் எழுந்து வந்து, டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டலாமே என்றான். மந்திரிக்கிறவர் வந்து வேப்பிலை அடித்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பூங்காவனம் அவனைத் திருப்பி அனுப்பினாள். நாலு பிள்ளை பெற்றவள் சொல்கிறாள். ஒரு பிள்ளைக்காரன் என்ன எதிர்த்துப் பேசுவான்? போய்ப் பிணைக்க உட்கார்ந்துவிட்டான்.

குழந்தைக்குக் கண் உள்ளே போயிற்று. உதடு வெடித்தது. மடியில் கிடந்தபடியே நாக்கை நீட்டி நீட்டி, பக்கத்தில் இருந்த சொம்பைப் பார்த்தது. பேசத் தெரியாத பிள்ளை, அதைவிட எப்படிக் கேட்கும்? கெங்கம்மாள் ஒரு தரம் விரலை நனைத்து உதட்டில் வைக்கப் போனாள். பூங்காவனம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் பிடித்தாள்.

"கொஞ்ச நேரம் கல்லாயிருடி. கொழந்த பொழச்சுக்கும்."

கெங்கம்மாள் கல்லாக இருந்தாள். மாரில் பால் கட்டி, ரவிக்கையெல்லாம் நனைந்து, அந்த வாசனைக்குக் குழந்தை முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடிற்று. அப்போதும் கல்லாகத்தான் இருந்தாள். மறுநாள் உச்சி வேளைக்குள் தேடுவது நின்றுபோயிற்று. பேதியும் நின்றுபோயிற்று.

பால் மறக்காத பிள்ளையைப் புதைக்கிறபடி புதைத்துவிட்டு வந்தார்கள். எதனால் போயிற்று என்று கேட்டதற்கு மந்திரிக்கிறவர் தோஷம் என்றார். என்ன தோஷம், யார் தோஷம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஜமாவில் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சின்னம்மாள் ராத்திரியும் பகலும் கூடவே கிடந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த அழுகையில் ஒரு சொட்டுக்கூடப் பொய் கிடையாது.

பிள்ளை போனாலும் பாலுக்குத் தெரிகிறதா? கட்டிக்கொண்டு தெறித்தது. காய்ச்சலாக அடித்தது. காரியம் முடிந்த சில நாளில் அவள் மரத்தடிக்குப் போனாள். வீட்டில் தூளி கட்டின கயிறு தொங்குகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் போனாள். அங்கே ராயன் பசிக்கு வீறிட்டுக்கொண்டிருந்தான். சின்னம்மாள் துவைக்கப் போயிருந்தாள். கெங்கம்மாள் யோசிக்கவே இல்லை. எடுத்து மாரில் போட்டுக்கொண்டாள். அவன் மொடக் மொடக்கென்று குடித்தான். திரும்பி வந்த சின்னம்மாள் அதைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த வாரமே ராயனுக்கு வயிற்றால் போயிற்று. அந்தக் கோடையில் தெருவுக்குத் தெரு அதுதான். ஜமா மறுபடியும் கூடிற்று, அதே முடிவைச் செய்தது. பூங்காவனம் அதே போலத் துணை உட்கார்ந்தாள். ராயனும் போய்விட்டான்.

இரண்டாவது சாவுக்கு ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், சுடுகாட்டுத் தீட்டு உடம்போடு, இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அப்புறம் தோஷம் தொற்றாமல் என்ன செய்யும்? யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மாள் தலைவிரி கோலமாக வந்து, கெங்கம்மாள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"உன் புள்ள போச்சுன்னு என் புள்ளையையும் இட்டுகினு போயிட்டியேடி. நீ நல்லாயிருப்பியா?"

கெங்கம்மாள் உள்ளேயே நின்று கேட்டாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. ஏனென்றால் அவளும் நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் மரத்தடிக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை. கிளையில் தூளி இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். ரைஸ் மில்லுக்குப் பின்னாலிருந்து பூங்காவனத்தின் குரலும், அதற்கு மேல் குழந்தைகள் அழுகிற சத்தமும் கேட்டன. ஜமா இடம் மாறிவிட்டது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாததே சொன்ன மாதிரிதான். எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

அடுத்து வந்த வருஷங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு பிள்ளை தங்கவில்லை. விளக்கெண்ணெய்க் கையில்லை, மூத்திரத் துணியில்லை. இனிமேல் அவள் தாராளமாகப் பட்டைத் தொடலாம். காலையிலிருந்து நாடாவில் வைக்கிற நூல் உருளையான தார் சுற்றினாள். தெருவில் நடந்தால் பிள்ளைக்காரிகள் பிள்ளை மேல் முந்தானையை இழுத்துப் போடுவார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, மூலை திரும்புமுன் அவளே இருமிவிட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டாள். கல்யாணம், வளைகாப்பு, பேர் வைப்பது எதற்கும் போக மாட்டாள். தனியாக இருக்கிறபோது தன் மாரைப் பார்த்து, இதில் அப்படி என்ன விஷம் இருந்தது என்று யோசிப்பாள். சின்னம்மாளுக்கு அப்புறம் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அந்தப் பெண்களைக் கெங்கம்மாள் வீட்டு வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போகவிடாமல் சுற்றுவழியில் அனுப்பினாள் சின்னம்மாள். அமாவாசைக்கு அமாவாசை மண் தூற்றுவதையும் அவள் விடவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் அந்தப் பக்கத்துக்கு ஒரு புது நர்ஸம்மா வந்தார். சக்ரேஸ்வரி என்று பேர். சமணரான கிராமத்து நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் காலையிலேயே வந்துவிடுவார். ரைஸ் மில்லுக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரிகள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே ஒருநாள் அங்கே போய் நடுவில் உட்கார்ந்துகொண்டார். பேதிக்கு வைத்தியம் காட்டப்போகிறேன், யாராவது தண்ணீர் கொண்டுவாருங்கள் என்றார். பக்கத்துக் குழாயில் கெங்கம்மாள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவுக்கு ஊர்க் கதை என்ன தெரியும்? அவளைப் பார்த்துக் கையைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

பெண்கள் விறைத்துப் போனார்கள். தூளிகளை இழுத்து மூடினார்கள். கெங்கம்மாள் தூரத்திலேயே குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கினாள். ஆனால் போய்விடவில்லை, குடம் திரும்ப வேண்டுமே என்று நின்றாள். நர்ஸம்மா ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, ஒவ்வொருத்தி நாக்கிலும் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். பேதி போகப் போக இதைக் கொடுத்துக்கொண்டே இருங்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள் என்றார்.

பூங்காவனம் அங்கே இருந்தாள். அவள் மருமகள் பெற்ற பிள்ளை அவள் மடியில். இன்னும் அவள்தான் தலைவி. அவள் குரல் மட்டும் அன்றைக்கு வழக்கம்போல் இல்லை.

"தண்ணி நிறுத்தினாத்தானங்க பேதி நிக்கும்?"

"நிக்கும்மா. கொழந்தையும் சேந்து நின்னுடும். பேதியால எந்தக் கொழந்தையும் சட்டுனு சாவறதில்ல. ஒடம்புல தண்ணி வத்தித்தான் சாவுது. வாய்க்குத் தண்ணி குடுக்காததாலதான் போவுது."

நர்ஸம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சின்ன வயசுப் பெண்கள் தலையாட்டினார்கள். பூங்காவனம் மட்டும் நிமிர்ந்து கெங்கம்மாளைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தாள். கெங்கம்மாள் குடத்தை எடுக்காமலே நடந்தாள்.

வீட்டுக்கு வந்து, தார் சுற்றுகிற ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சுற்றவில்லை. தன்னிடம் விஷம் இல்லை, தோஷம் இல்லை, ஒன்றுமே இருந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? பட முடியவில்லை. தோஷம் என்றால் தெய்வம் கொடுத்தது, தலையெழுத்து, அழுதுவிட்டுக் கிடக்கலாம். இது அப்படியில்லை. குழந்தை தண்ணீர் கேட்டது. தண்ணீர் பக்கத்தில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

மத்தியானம் பூங்காவனம் வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. என்னை அடி, செருப்பால் அடி என்றாள். ராயன் வீட்டிலும் நான்தானே உட்கார்ந்தேன் என்றாள். கெங்கம்மாள் அவளை அடிக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"நீ கையத்தான் புடிச்சக்கா. ஒதறிட்டுக் குடுத்திருக்கலாம். நான் ஒதறல."

பூங்காவனம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு ஜமாவில் எல்லோருக்கும் நடுவில் தானே சொல்லிவிடப்போவதாகச் சொன்னாள்: கெங்கா மேல் ஒரு தோஷமும் கிடையாது, இரண்டு பிள்ளையும் போனது நாங்கள் தண்ணீர் நிறுத்தியதால்தான் என்று. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன், நீ நேராக வந்து நடுவில் உட்கார், என் பேரனை உன் மடியில்தான் முதலில் போடுவேன் என்றாள்.

அவள் போன பிறகு கெங்கம்மாள் ராட்டினத்தை ஒதுக்கிவைத்தாள். நாளைக்கு ஜமாவுக்கு நடுவில் உட்காரலாம். யாரும் முந்தானையை இழுக்க மாட்டார்கள். ஒரு பிள்ளையின் கனத்தை மடியில் வாங்கலாம். இத்தனை வருஷமாக அவள் சாமியிடம்கூடக் கேட்கத் துணியாத வரம் இது. எழுந்து போய் முகம் கழுவினாள். பெட்டியைத் திறந்து, கட்டாமலே வைத்திருந்த ஒரு மெல்லிய வாயில் துணிப் புடவையை எடுத்துக் கொடியில் போட்டாள். தறியில் இருந்த சிவப்பிரகாசம் அதைப் பார்த்துவிட்டு மறுபடி நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. சின்னம்மாள். கையில் மண் இல்லை. அன்றைக்கு அமாவாசையும் இல்லை. முகம் வெளுத்து, கண்கள் ஒரு மாதிரி அலைபாய்ந்துகொண்டிருந்தன. வருஷக்கணக்காகப் பேசாதவள், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நர்ஸம்மா இன்னாமோ சொன்னாங்களாமே. தண்ணி நிறுத்தினா கொழந்த செத்துப்போவும்னு. தெருவுல பேசிகினாங்க. நெசமாவா?"

கெங்கம்மாள் எழுந்து நிலைப்படி அருகே வந்தாள்.

"ராயன் தண்ணி கேட்டான். சொம்பப் புடிச்சிகினு கேட்டான். நான் புடுங்கி அந்தாண்ட வெச்சேன். அவன் விரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தேன்." நிலைப்படியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். "நெசமா சொல்லு. அவன நானா கொன்னேன்?"

சொல்ல வேண்டியது கெங்கம்மாள் வாயில் தயாராக இருந்தது. ஆமாம், நீதான், நானும்தான், என் மேல் ஒன்றுமில்லை. அதைச் சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. வாசலில் இவ்வளவு மண்ணைத் தூற்றினவளிடம் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் காலையிலிருந்து தன் நெஞ்சுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நிலைப்படியைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்தாள். கிணற்றடியில் தான் அன்றைக்கு எப்படி நின்றாளோ, அதே நிலையில்தான் இவளும் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"அதெல்லாம் சும்மா பேதிக்கு சொன்னது" என்றாள் கெங்கம்மாள். "ராயனுக்கு வந்தது பேதியில்ல. தோஷம். நான் பால் குடுத்தேன், அதான் போனான். நீ ஒண்ணும் பண்ணல. வூட்டுக்குப் போ, பொண்ணுங்க தேடும்."

சின்னம்மாள் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பாவி, நீ நாசமாப் போவ என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட உறுதியான நடையில் தெருவில் இறங்கிப் போனாள்.

தறிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. சிவப்பிரகாசம் குழியிலிருந்து ஏறி வந்து அவள் பின்னால் நின்றான். இன்னாத்துக்கு அப்படிச் சொன்ன என்று கேட்டான்.

கெங்கம்மாள் கொடியிலிருந்த புடவையை எடுத்து மடித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே தூக்கம் வராது. அவளாவது தூங்கட்டும். பூங்காவனத்தக்கா வூட்டுக்குப் போயி, நாளைக்கு ஜமாவுல என்னப் பத்தி வாயத் தொறக்க வேணாம்னு சொல்லிட்டு வாங்க."